ஹஜ், உம்ரா பயணம்: ஹோட்டலையும் ஏஜெண்டையும் தேர்ந்தெடுப்பது எப்படி?



நம் உத்திரமேரூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இன்று அல்லாஹ்வின் கிருபையால், உம்ராவுக்கு ஆள் கிளம்பாத மாதமே இல்லை. ஜும்ஆ தொழுது வெளியே வந்தால் கையில் ஒரு நோட்டீஸ் தருகிறார்கள். வாட்ஸ்அப்பைத் திறந்தால் இன்னொன்று வருகிறது. எல்லாவற்றிலும் மக்கா மணிக்கூண்டுக் கோபுரத்தின் படமும், "5 ஸ்டார் ஹோட்டல், ஹரமுக்கு மிக அருகில், லக்ஸரி பேக்கேஜ்" என்ற வாசகமும் தவறாமல் இருக்கின்றன.

நம் பகுதியில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய தாயாரை அழைத்துக்கொண்டு மகனும் மருமகளும் உம்ராவுக்குப் போனார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால்தான் மகன் கூடுதலாகப் பணம் கட்டி 5 ஸ்டார் பேக்கேஜ் எடுத்தார். போய்ச் சேர்ந்த ஹோட்டல் உண்மையிலேயே 5 ஸ்டார்தான். பளிங்குத் தரை, பெரிய கட்டில், காலையில் இருபது வகை உணவு என்று எல்லாம் இருந்தது. ஆனால் ஹரமிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் மேட்டுச் சாலை. முதல் நாள் போய்த் திரும்பிய அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. மீதி நாட்களில் பெரும்பாலான வேளைகளை அறையிலேயே தொழுதார். திரும்பி வந்தபின் அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "கஅபாவை மூணு தடவை பார்த்தேன், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த ஏஜெண்ட் பொய் சொல்லவில்லை. 5 ஸ்டார் என்றார், கொடுத்தார். மகன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துப் போகிற பயணத்தில் என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நட்சத்திரம் எதைச் சொல்கிறது?

ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடுப்பது அதன் கட்டடத்தையும் சேவையையும் பார்த்து. அறையின் அளவு, வரவேற்புக் கூடம், உணவகம், லிஃப்ட், அறைக்கு வந்து செய்யும் பணிவிடை இவையே கணக்கு. ஹரம் எவ்வளவு தூரம் என்பதை அந்த நட்சத்திரம் சொல்லாது. ஹரமை ஒட்டியே மூன்று நட்சத்திர ஹோட்டலும் இருக்கலாம். வெகு தூரத்தில் ஐந்து நட்சத்திர ஹோட்டலும் இருக்கலாம்.

மக்காவின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது எளிதாகப் புரியும். அது மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கு. ஹரம் ஷரீஃப் பள்ளத்தில் இருக்கிறது. ஹரமுக்கு நேர் எதிரே 601 மீட்டர் உயரத்தில் நிற்பது அப்ராஜ் அல்பைத் என்ற கோபுரத் தொகுதி. நோட்டீஸ்களில் வரும் மணிக்கூண்டு அதுதான். அதன் அருகில் ஜபல் உமர் பகுதியில் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக உள்ளன. விலை மிகுந்தவை இவையே. அஜ்யாத் பக்கம் போனால் பல இடங்களில் சாலை மேடாக ஏறும். இப்ராஹீம் கலீல் சாலை, மிஸ்ஃபலா பகுதிகளில் நடுத்தர விலை ஹோட்டல்கள் அதிகம். அஸீஸிய்யா ஹரமிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி மினா பக்கம் இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில்தான் வர வேண்டும்.

மதீனாவில் நிலைமை வேறு. மஸ்ஜிதுந் நபவியைச் சுற்றியுள்ள மர்கஸிய்யா பகுதி சமதளமானது. நடப்பது எளிது. ஆகவே பணத்தை எங்கே கூடுதலாகச் செலவிடுவது என்று யோசிப்பவர்கள், மதீனாவில் நடுத்தர ஹோட்டலை ஏற்றுக்கொண்டு மக்காவில் அருகில் எடுப்பது நல்லது. பல பேக்கேஜ்களில் இதைத் தலைகீழாகச் செய்து, மதீனா ஹோட்டலின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள்.

"500 மீட்டர்" என்றால் எங்கிருந்து?

நோட்டீஸில் "500 மீட்டர்" என்று போட்டிருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, எங்கிருந்து எங்கே வரை? ஹரமின் வெளி முற்றத்தின் ஓரம் வரை அளந்திருக்கலாம். அந்த முற்றத்தைக் கடந்து, வாசலுக்குள் நுழைந்து, தவாஃப் செய்யும் மதாஃப் போய்ச் சேர இன்னும் நல்ல நடை இருக்கிறது. கூட்ட நேரத்தில் காவலர்கள் ஒரு வாசலை மூடி வேறு வாசலுக்கு அனுப்புவதும் உண்டு.

இரண்டாவது, நேர்க்கோட்டுத் தூரமா, நடக்கும் தூரமா? ஹோட்டல் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். வீட்டில் போன் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால், வரைபடத்தில் நடைபாதைத் தூரத்தையும் நேரத்தையும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். தெருவின் படத்தையும் பார்க்கலாம். மேடா சமதளமா என்பது அதில் தெரியும்.

மூன்றாவது, பஸ் உண்டென்றால் எந்த நேரங்களில்? தள்ளியிருக்கும் ஹோட்டல்கள் ஹரமுக்கு இலவச பஸ் விடுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜும்ஆ நேரத்திலும் ரமலான் இரவுகளிலும் ஹரமைச் சுற்றிச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். பஸ் பாதி வழியில் இறக்கிவிடும். மிச்சத்தை நடக்க வேண்டும்.

மணிக்கூண்டுக் கோபுரத்திலேயே தங்குவோருக்கும் ஒரு சிரமம் உண்டு. தொழுகை நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் இறங்குவதால் லிஃப்டுக்குக் காத்திருந்தே களைத்துப் போவார்கள். பாங்குக்கு வெகு முன்பே இறங்கினால்தான் உள்ளே இடம் கிடைக்கும்.

சுருக்கமாக ஒரு விதி. உங்கள் குழுவில் வயதில் மூத்தவர், அல்லது உடல் தளர்ந்தவர், ஒரு நாளைக்கு எத்தனை முறை போய்வர முடியும் என்று முதலில் கணக்கிடுங்கள். அவரை வைத்தே ஹோட்டலைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் திடமானவர்கள் என்றால் ஒரு கிலோமீட்டர் நடப்பது பெரிய காரியமில்லை; அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். தள்ளித் தங்கியவர்கள் நன்மை குறைந்துவிட்டதே என்று மனம் வருந்தவும் வேண்டாம். ஹரமின் எல்லைக்குள் எங்கு தொழுதாலும் அந்தச் சிறப்பு உண்டு என்பது பல ஆலிம்களின் கருத்து. விவரத்தை நம் பள்ளி ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹஜ்ஜின் ஐந்து நாளில் ஹோட்டல் இல்லை

இதுவரை சொன்னது உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் பொது. ஹஜ்ஜுக்கு மட்டும் உரியது ஒன்று இருக்கிறது. துல்ஹஜ் பிறை 8 முதல் 12 அல்லது 13 வரை ஹாஜிகள் மினா, அரஃபா, முஸ்தலிஃபா என்று இருப்பார்கள். மினாவில் கூடாரம், அரஃபாவிலும் கூடாரம், முஸ்தலிஃபாவில் திறந்த வானம். பேரரசரானாலும் பால்காரரானாலும் இஹ்ராமின் இரண்டு துணிதான்.

ஆகவே ஹஜ் பேக்கேஜ் வாங்குகிறவர் மக்கா ஹோட்டலை விட மினா கூடாரத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும். கூடாரம் ஜமராத்துக்கு அருகிலா, முஸ்தலிஃபா எல்லைப் பக்கமா? ஒரு கூடாரத்தில் எத்தனை பேர்? மெத்தை உண்டா? அரஃபாவுக்குப் போவது ரயிலிலா, பஸ்ஸிலா? கல்லெறிய நடக்க வேண்டிய தூரம் எவ்வளவு?

இன்னொன்று, "ஷிஃப்டிங்" பேக்கேஜ். ஹரமுக்கு எதிரே சொகுசு ஹோட்டல் என்று சொல்லியிருப்பார்கள். அங்கே தங்க வைப்பது சில நாட்களே. ஹஜ்ஜை ஒட்டிய நாட்களில் அஸீஸிய்யா கட்டடத்துக்கு மாற்றிவிடுவார்கள். இதில் தவறில்லை, செலவைக் குறைக்கும் வழிதான். ஆனால் எந்த ஹோட்டலில் எத்தனை இரவு என்பது முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹஜ் கமிட்டி வழி, தனியார் வழி

ஹஜ்ஜுக்கு நம் நாட்டில் இரண்டே நேர் வழிகள்தாம். ஒன்று இந்திய ஹஜ் கமிட்டி. 2002-ஆம் ஆண்டின் ஹஜ் கமிட்டிச் சட்டப்படி இயங்குவது. தமிழ்நாடு மாநில ஹஜ் கமிட்டி அதன் கீழ் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்து செயல்படுகிறது. விண்ணப்பத்தை இணையத்தில் நாமே போடலாம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குர்ஆ எனும் குலுக்கல். இதற்கு ஏஜெண்ட் கிடையாது. "கமிட்டியில் பெயர் வரவைக்கிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று. கமிட்டி வழியில் மக்காவில் தங்குவது பெரும்பாலும் அஸீஸிய்யாவில். சொகுசு இல்லை, ஆனால் செலவு குறைவு, அரசின் பொறுப்பும் இருக்கிறது.

மற்றொன்று, ஒன்றிய அரசின் சிறுபான்மையினர் நலத்துறையில் பதிவு பெற்ற தனியார் ஹஜ் நிறுவனங்கள். இவற்றின் பட்டியலை அத்துறை வெளியிடுகிறது. செலவு கமிட்டியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். அருகில் ஹோட்டல், குறைந்த நாட்கள், நம் ஊர்ச் சமையல் ஆகியவை கிடைக்கலாம். பணம் கட்டும் முன் நிறுவனத்தின் பெயர் அந்த ஆண்டின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போன ஆண்டு இருந்தது போதாது.

உம்ராவில் நிலைமை வேறு. உம்ராவுக்கு ஆள் அனுப்புவோருக்கு ஹஜ்ஜைப் போல அரசு தனியாகப் பதிவு செய்து ஒதுக்கீடு தருவதில்லை. இன்று ஒரு கடை வாடகைக்கு எடுத்து நாளை போர்டு மாட்டலாம். அதனால்தான் உம்ராவில் நம் விசாரணை கூடுதலாக இருக்க வேண்டும்.

நடுவில் நிற்பவர் யார்?

ஹஜ் பயணத்தில் இடைத்தரகர் பிரச்சினை புதியதல்ல. கப்பலில் போன காலத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் ஹாஜிகளைத் தரகர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அந்தக் குறை பெருகியபோது 1886-இல் ஆங்கில அரசு, உலகப் புகழ் பெற்ற தாமஸ் குக் நிறுவனத்தை ஹஜ் பயண ஏஜெண்டாக நியமித்தது. பத்தாண்டுக்குள் அந்த ஏற்பாடு முடிந்துபோனது. பெரிய பெயர் மட்டும் ஒரு பயணத்தைச் சரியாக்கிவிடாது என்பதற்கு இது பழைய சாட்சி.

நம் ஊர்களில் நிறுவனத்துக்கும் நமக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு குழுத் தலைவர் இருப்பார். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தால் அவருக்குப் பயணம் இலவசம், அல்லது தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். சில இடங்களில் பள்ளி ஹஜ்ரத்தே அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மார்க்கம் அறிந்தவர் உடன் வந்தால் தவாஃபும் ஸஃயும் முறையாக நிறைவேறும், பெரியவர்களுக்குத் தெம்பாக இருக்கும். அந்த உழைப்புக்குப் பலன் பெறுவதும் நியாயமே. ஆனால் மூன்று விஷயங்களை வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பயணத்தை நடத்தும் நிறுவனம் எது? பணம் யார் கணக்கில் போகிறது? ரசீது யார் பெயரில் வரும்? ரொக்கமாகக் குழுத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, பிறகு நிறுவனம் "எங்களுக்கு வரவில்லை" என்றால், ஊருக்குள் உறவும் கெடும், பயணமும் கெடும். நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் கட்டினால் ஹஜ்ரத்துக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

நல்ல ஏஜெண்டை எப்படி அறிவது? நீங்கள் கேட்கும் முன் அவர் உங்களைக் கேட்பார். யார் யார் வருகிறார்கள், வயது என்ன, சர்க்கரை இருக்கிறதா, இதற்கு முன் போயிருக்கிறீர்களா, சக்கர நாற்காலி தேவைப்படுமா என்று விசாரித்துவிட்டுத்தான் பேக்கேஜ் சொல்வார். "உங்கள் அத்தாவுக்கு இந்த ஹோட்டல் சரிப்படாது, விலை குறைந்த அந்த ஹோட்டலே அருகில் இருக்கிறது" என்று சொல்லக்கூடியவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். "இரண்டு சீட்தான் மிச்சம், இன்றே முன்பணம் கட்டுங்கள்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் நிதானமாக இருங்கள். ரவ்ளா ஷரீஃபில் தொழ வைப்பதைத் தன் பேக்கேஜின் சிறப்பாகச் சொல்லிப் பணம் கேட்டால், அந்த அனுமதி நுஸுக் செயலியில் இலவசமாகப் பதிவு செய்வது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகளின் பாடம்

2024 ஹஜ்ஜில் ஹரமில் வெயில் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதத்தினர் ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். சுற்றுலா விசாவில், விசிட் விசாவில் குறைந்த விலைக்கு அழைத்து வரப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கு மினாவில் கூடாரம் இல்லை, ஏசி பஸ் இல்லை. வெயிலில் மைல் கணக்கில் நடந்தார்கள். அவ்வாறு ஆட்களை அனுப்பிய 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை எகிப்து அரசு பறித்தது. போன உயிர்கள் திரும்பவில்லை. அனுமதியின்றி ஹஜ் செய்வோருக்கு 20,000 ரியால் வரை அபராதம் என்று 2025-இல் சவூதி அறிவித்தது. ஆகவே "விசிட் விசாவில் ஹஜ்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு மலிவானாலும், காது கொடுக்காதீர்கள்.

2025-இன் பாடம் வேறு வகை. இந்தியாவின் ஒதுக்கீடு 1,75,025 இடங்கள். கமிட்டிக்கு 1,22,518, தனியாருக்கு 52,507. எண்ணூறுக்கும் மேற்பட்ட தனியார் நிறுவனங்களை 26 கூட்டுக் குழுக்களாக அரசு இணைத்திருந்தது. மினா கூடாரம், தங்குமிடம், வாகனம் ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களைச் சவூதி வைத்த கெடுவுக்குள் அவை முடிக்கவில்லை என்று அரசு அறிவித்தது. மினாவில் இடம் கைவிட்டுப் போனது. பிறகு பேச்சு நடத்தி 10,000 பேருக்கு மட்டும் வழி கிடைத்தது. சுமார் 42,000 இடங்கள் வீணாயின. பணம் கட்டி, லீவு சொல்லி, உறவினரிடம் மன்னிப்புக் கேட்டு விடைபெற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களில் 5 ஸ்டார் பேக்கேஜ் எடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். நட்சத்திரம் அங்கே உதவவில்லை. தனியார் வழியில் போகிறவர்கள் "என் ஹஜ் இடம் உறுதியாகிவிட்டதா, மினா ஒப்பந்தம் முடிந்துவிட்டதா, முடியாவிட்டால் பணம் எப்போது திரும்பும்?" என்று இடையிடையே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

விலையை ஒப்பிடுவது எப்படி?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத்துக்கான எண்கள். 15 நாள் உம்ராவுக்கு முதல் ஏஜெண்ட் 92,000 ரூபாய் என்கிறார். இரண்டாமவர் 1,12,000 என்கிறார். வித்தியாசம் 20,000. முதலாமவரே மலிவு என்று தோன்றும்.

விசாரித்தால், முதலாமவர் விலையில் 5 சதவீத ஜிஎஸ்டி சேரவில்லை; அது 4,600. மதிய உணவு இல்லை. 12 நாளைக்கு வேளைக்கு 15 ரியால் வீதம் 180 ரியால், ஒரு ரியால் 24 ரூபாய் என்று வைத்தால் 4,320. ஹோட்டல் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. வயதான தம்பதி மக்காவில் 7 நாளைக்கு டாக்ஸியில் போய்வந்தால், வழிக்கு 20 ரியால் வீதம் 280 ரியால், தலைக்கு 140 ரியால், அதாவது 3,360. எல்லாம் கூட்டினால் 1,04,280. இரண்டாமவர் விலையில் இவை எல்லாம் அடங்கியிருந்தால், உண்மை வித்தியாசம் 7,720 ரூபாய்தான். அந்தத் தொகைக்கு அருகில் தங்குவது தகுமா என்பதுதான் நீங்கள் முடிவு செய்ய வேண்டிய கேள்வி.

வரியைப் பற்றி ஒரு குறிப்பு. தனியார் ஹஜ், உம்ரா பேக்கேஜ்களுக்கு ஜிஎஸ்டி உண்டு. விலக்குக் கேட்டுத் தனியார் நிறுவனங்கள் தொடுத்த வழக்கை 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இது தவிர வெளிநாட்டுப் பயணப் பேக்கேஜ்களுக்கு டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆகவே அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

எழுதி வாங்குங்கள்

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அல்லாஹ் இதை எவ்வளவு விரிவாகச் சொல்கிறான் என்பதே நமக்குப் போதும். நாம் வாழும் ஊரும் எழுதி வைப்பதற்குப் பேர் போனது. பராந்தக சோழர் காலத்தில், ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன், குடவோலைத் தேர்தலின் விதிகளை இங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. கணக்குக் காட்டாதவரை நம்பாதே என்பது நம் மண்ணின் பழைய பாடம்.

"நம்ம ஆளு, எழுதியா கேட்பது?" என்று கூச்சப்பட வேண்டாம். எழுதி வாங்குவது சந்தேகம் அல்ல, இருவருக்கும் பாதுகாப்பு. முன்பணம் கட்டும் முன் கீழ்க்கண்டவை நிறுவனத்தின் தாளில் முத்திரையுடன் இருக்கட்டும்:

1. மக்கா, மதீனா ஹோட்டல்களின் பெயர், தெரு. "அல்லது அதற்குச் சமமான ஹோட்டல்" என்று இருந்தால், எத்தனை மீட்டருக்குள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

2. மக்காவில் எத்தனை இரவு, மதீனாவில் எத்தனை இரவு. 15 நாள் என்பதில் பயண நாட்களும் அடங்கும்.

3. ஓர் அறையில் எத்தனை பேர். நான்கு, ஐந்து பேர் அறையென்றால் ஆண்களும் பெண்களும் தனித்தனி அறையில் இருப்பார்கள்; கணவனும் மனைவியும் வேறு வேறு மாடியில் இருக்க நேரலாம். பெரியவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்க யார் உடன் இருப்பார் என்று யோசியுங்கள்.

4. சென்னையிலிருந்து நேரடி விமானமா, வழியில் மாறுவதா. மாறினால் காத்திருப்பு எத்தனை மணி.

5. எத்தனை வேளை உணவு, எங்கே பரிமாறுவார்கள், பத்தியச் சாப்பாடு கிடைக்குமா.

6. ஜியாரத், வாகனம், சக்கர நாற்காலி ஆகியவற்றில் எது விலையில் அடங்கும், எது தனி.

7. மொத்த விலை, வரி உட்பட. இடையில் ஏறினால் யார் பொறுப்பு.

8. நோய், மரணம், விசா மறுப்பு போன்ற காரணங்களால் பயணம் நின்றால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில்.

தவணையாகப் பணம் கட்டுங்கள். விசாவும் டிக்கெட்டும் வரும் முன் முழுத் தொகையையும் கொடுத்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்போதும் ரசீது வாங்குங்கள்.

குறை நேர்ந்தால்

ஹோட்டல் மாறிவிட்டால் அங்கேயே படம் எடுத்து, தேதியுடன் ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். சண்டை வேண்டாம், ஹஜ்ஜில் வாக்குவாதம் தடுக்கப்பட்டது (2:197). சாட்சி இருந்தால் திரும்பி வந்து நியாயம் கேட்கலாம். முதலில் ஜமாஅத் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். பேச்சில் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பிறகு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் காவல்துறையில் புகார் கொடுங்கள்.

வசதியாகத் தங்குவது தவறா?

தவறில்லை. ஹலாலான சம்பாத்தியத்தில், கடன் இல்லாமல், தன் பெற்றோரை ஹரமுக்கு எதிரே தங்க வைக்கிறவர் அவர்களுக்கு நன்மையே செய்கிறார். முழங்கால் வலியுள்ள தாய்க்கு அருகில் உள்ள அறை சொகுசு ஆகாது, அது தேவை. வழிக்குரியதைச் சேர்த்துக்கொண்டு போகச் சொல்லும் குர்ஆன், சேர்ப்பதில் சிறந்தது இறையச்சமே என்றும் அதே வசனத்தில் நினைவூட்டுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஹஜ் செய்தது பழைய சேணத்தின் மீது, விலை குறைந்த ஒரு துணியுடன். பகட்டும் பேரும் கலக்காத ஹஜ்ஜாக இருக்க துஆ செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது.

ஆகவே அளவுகோல் ஒன்றுதான். அந்தப் பணம் இபாதத்துக்கு வழி செய்கிறதா, ஊருக்குப் படம் காட்ட உதவுகிறதா? கஅபா தெரியும் ஜன்னலுக்காகக் கடன் வாங்கத் தேவையில்லை. ஹஜ் கடமையாவதே சக்தி உள்ளவருக்கு (3:97). குடும்பத்தின் தேவையும் கடனும் போக மிஞ்சுவதுதான் சக்தி. ஏற்கெனவே ஹஜ் செய்து மூன்றாம், நான்காம் உம்ராவுக்கு லக்ஸரி பேக்கேஜ் பார்ப்பவர்கள், ஒரு படி குறைத்து எடுத்து, மிஞ்சியதில் தன் சொந்தத்தில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவினால் இரண்டு நன்மையும் கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முன்பணம் கட்டும் முன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, அண்மையில் அதே நிறுவனத்தில் போய் வந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவர் ஆணாகவும் ஒருவர் பெண்ணாகவும் இருக்கட்டும். ஆண்கள் தூரத்தைச் சொல்வார்கள். பெண்கள் அறையையும் குளியலறையையும் கூட்ட நெரிசலையும் சொல்வார்கள். போய் வந்தவர்களும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "புனிதப் பயணத்தைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது" என்று மறைத்தால், அடுத்து போகிற ஓர் அம்மா ஹரமுக்கு அருகில் போயும் அறையில் உட்கார்ந்து தொழ நேரும். ஆலோசனை கேட்கப்படுகிறவரும் அமானிதம் சுமப்பவரே.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான பொருளில், நல்ல துணையுடன், ஏற்றுக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜையும் உம்ராவையும் நஸீபாக்குவானாக. போக வசதியற்றவர்களின் நிய்யத்தையும் ஏற்றுக் கூலி தருவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.